தாவர ஸ்டெரால் தெளித்தால் உவர் வயலில் நெல் தேறுமா?

கேள்வி: எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம், காவிரியின் கடைமடை. நான்கு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறேன். ஆற்றுத் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும் ஆண்டுகளில் போர் தண்ணீரை விட்டு நடுகிறோம். அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். சென்ற ஆண்டு, நட்ட இருபதாம் நாளில் இரண்டு ஏக்கர் பயிர் நுனி கருகி, தூர் கட்டாமல் நின்றுவிட்டது. கோடையில் வரப்போரமெல்லாம் வெள்ளை பூக்கிறது. இப்போது உரக்கடையில் தாவர ஸ்டெரால் கலந்த மருந்து என்று ஒரு பாட்டிலைக் காட்டி, மூன்று முறை தெளித்தால் எந்த உப்பிலும் நெல் விளையும் என்கிறார்கள். இளங்கலை தாவரவியல் படிக்கும் என் மகளும், செடியில் இருக்கும் ஸ்டெரால் உப்பைத் தாங்க உதவுகிறது என்று பாடத்தில் படித்ததாகச் சொல்கிறாள். கடைக்காரர் சொல்வதும் பாடத்தில் இருப்பதும் ஒன்றுதானா? வாங்கித் தெளிக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் படித்தது சரியானது. ஆனால் செடி தன் செல்லுக்குள் தானே தயாரித்துக்கொள்ளும் ஸ்டெரால் உப்பைத் தாங்க உதவுகிறது என்பது ஒரு செய்தி; வெளியிலிருந்து ஸ்டெராலைத் தெளித்தால் எந்த உப்பிலும் நெல் விளையும் என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதற்குப் பல ஆண்டு ஆய்வுகளின் ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதை நம்பி நான்கு ஏக்கருக்குப் பணம் போட வேண்டாம் என்றே நான் சொல்வேன். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் இந்த ஆண்டு எந்தப் பாட்டிலுக்கும் செலவு செய்யாதீர்கள். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; மகளும் உடனிருந்து படித்தால் நல்லது.

நெல்லின் வேரில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. அதன் கனம் ஏறத்தாழ 8 நானோமீட்டர். ஒரு தாளின் கனத்துக்குள் இத்தகைய சவ்வுகளைப் பன்னிரண்டாயிரம் அடுக்கலாம். வயலில் உள்ள உப்பு நீருக்கும் செல்லின் உள்ளே நடக்கும் உயிர் வேலைகளுக்கும் இடையே நிற்கும் தடுப்பு இதுதான். இந்தச் சவ்வின் பெரும்பகுதி பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருளால் ஆனது. அவற்றுக்கு இடையிடையே செருகியிருப்பவை ஸ்டெரால்கள். மண் சுவருக்குக் களிமண் குழைக்கும்போது வைக்கோல் சேர்க்கிறோம். சேர்க்காவிட்டால் சுவர் வெயிலில் வெடிக்கும், மழையில் சரியும். நான்கு வளையங்கள் ஒட்டிய தட்டையான உடலும் ஒரு வாலும் கொண்ட ஸ்டெரால் மூலக்கூறு, சவ்வில் ஏறத்தாழ அந்த வைக்கோலின் வேலையைச் செய்கிறது. சவ்வு வெப்பத்தில் அளவுக்கு மீறி இளகாமலும் குளிரில் விறைத்துப் போகாமலும் இருப்பதற்கும், தேவையற்றவை எளிதில் கசிந்து நுழையாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

விலங்குகளின் சவ்வில் இந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் கொலஸ்டிரால் ஒன்றுதான். பூஞ்சைகளில் அது எர்கோஸ்டெரால். செடிகளிலோ சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், கேம்பெஸ்டெரால் என்று பல ஸ்டெரால்கள் கலந்து நிற்கின்றன. கொலஸ்டிராலும் பெரும்பாலான செடிகளில் சிறிதளவு உண்டு. ஒன்றுக்கொன்று இவை மிக நெருங்கிய உறவினர்கள். கொலஸ்டிராலின் வாலில் கிளை இல்லை. கேம்பெஸ்டெராலின் வாலில் ஒரு கார்பன் கிளை இருக்கிறது. சிட்டோஸ்டெராலில் இரண்டு கார்பன் கிளை. சிட்டோஸ்டெராலின் வாலில் ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு கூடினால் அதுவே ஸ்டிக்மாஸ்டெரால். இவ்வளவு சிறிய வேறுபாடு எதற்கு, செடி ஏன் இத்தனை வகையைத் தயாரிக்கிறது என்ற கேள்வி தங்கள் மகளுக்கு எழலாம். அதற்கான விடையில்தான் உப்பைப் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கிறது.

உப்பு நீர் வேரைத் தொட்டதும் பயிருக்கு இரண்டு அடி விழுகிறது. முதல் அடி உடனே விழும்: மண்நீரில் உப்பு மிகுந்திருப்பதால் வேரால் நீரை இழுக்க முடிவதில்லை, தண்ணீரில் நின்றுகொண்டே பயிர் தாகத்தில் தவிக்கிறது, புது இலை விரிவது மெதுவாகிறது. இரண்டாம் அடி நாட்கள் கழித்து விழும். வேர் வழியாக நுழைந்த சோடியம் நீரோட்டத்தோடு மேலேறி முதிர்ந்த இலைகளில் சேர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த இலை நுனியிலிருந்து வெளுத்துச் சுருண்டு காய்ந்துவிடும். தாங்கள் இருபதாம் நாளில் கண்டது இந்த இரண்டாம் அடி. அடி இலைகள் முதலில் கருகி, நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றிருந்தால் அதில் ஐயமே வேண்டாம்.

சோடியம் ஏன் இவ்வளவு எளிதாக நுழைகிறது? செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நூற்றுக்கும் மேற்பட்ட மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் தன்மையில் இருக்கிறது. நேர்மின் கொண்ட சோடியம் தானாகவே உள்ளே ஈர்க்கப்படுகிறது. அது நுழைய நுழைய அந்த மின்னழுத்த வேறுபாடு குறைகிறது. அது குறைந்தவுடன், செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. உப்பில் பயிர் சாவதற்குச் சோடியத்தின் வரவைப் போலவே பொட்டாசியத்தின் இழப்பும் காரணம். இதைச் சரிசெய்யச் சவ்வில் ஒரு புரோட்டான் பம்பு இருக்கிறது. செல்லின் ஆற்றலைச் செலவழித்து அது புரோட்டான்களை வெளியே தள்ளி, இழந்த மின்னழுத்தத்தை மீட்கிறது. வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் மீண்டும் உள்ளே வரும் விசையைப் பயன்படுத்தி, எஸ்ஓஎஸ்1 என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இன்னொரு புரதம் சோடியத்தை வெளியேற்றுகிறது. பம்பு ஓடினால்தான் வடிகால் வேலை செய்யும்.

இந்தப் பம்பு சவ்வின் கொழுப்புக்குள் பதிந்திருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள கொழுப்பு எத்தகையது என்பதைப் பொறுத்தே அது வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது. 1997-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆய்வாளர்கள் மக்காச்சோள வேரிலிருந்து இந்தப் பம்பைப் பிரித்தெடுத்து, சோயா கொழுப்பால் ஆன செயற்கைச் சவ்வில் பதித்து, ஒவ்வொரு ஸ்டெராலாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கொலஸ்டிராலும் ஸ்டிக்மாஸ்டெராலும் குறைந்த அளவில் சேர்ந்தபோது பம்பு முன்னிலும் வேகமாக ஓடியது. சோதித்த மற்ற ஸ்டெரால்களோ அதன் வேகத்தைக் குறைத்தன. சிட்டோஸ்டெராலும் அப்படிக் குறைத்தவற்றுள் ஒன்று. ஓர் இரட்டைப் பிணைப்பு வேறுபட்டதால் ஒரு மூலக்கூறு பம்பை முடுக்குகிறது, மற்றொன்று அடக்குகிறது. இந்த முடிவை நான் மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு தீர்ந்ததில்லை.

தங்கள் கேள்விக்கு இதில் கிடைக்கும் முதல் விடை: ஸ்டெரால் என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை. எந்த ஸ்டெரால், எந்தச் சவ்வில், மற்றவற்றோடு என்ன விகிதத்தில் என்பவற்றைச் சொன்னால்தான் அது பொருளுள்ள பேச்சு. ஆஸ்திரேலியாவில் 1980-களில் எலுமிச்சைக் குடும்பத்து வேர்ச்செடிகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின. நம் நாட்டிலும் ஒட்டுக்கட்டப் பயன்படும் ரங்க்பூர் எலுமிச்சையின் வேர், உப்பிலுள்ள குளோரைடை மேலே போகவிடாமல் தடுக்கும் இயல்புடையது; எட்ரோக் வகைக் கடாரநாரத்தை அதைத் தடுப்பதில்லை. இத்தகைய வகைகளின் வேர்ச் சவ்வுகளை ஒப்பிட்டபோது, குளோரைடைத் தடுக்கும் திறனோடு பொருந்தி வந்தது ஸ்டெரால் வகைகளுக்கு இடையிலான விகிதம்.

தங்கள் ஊருக்கு அருகிலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. கடல்நீரிலேயே வேரூன்றி நிற்கும் அந்த மரங்களில் ஸ்டெரால் நிறைந்து வழியும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஜப்பானின் ஒக்கினாவா தீவு ஆய்வாளர்கள் இருவகை அலையாத்தி மரக்கன்றுகளை வெவ்வேறு உப்பு அளவுகளில் வளர்த்துப் பார்த்தபோது, உப்பு கூடக் கூட டிரைடெர்பினாய்டு என்னும் பொருட்கள் கூடின. ஸ்டெராலின் அளவு அவ்வாறு கூடவில்லை. டிரைடெர்பினாய்டுகள் ஸ்டெராலின் பங்காளிகள். ஸ்குவாலீன் என்ற ஒரே மூலத்திலிருந்து பிரிந்து செல்லும் வேறொரு கிளை. மேலும், அலையாத்தியில் வெண்கண்டல் போன்றவை உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை வேரிலேயே தடுத்துவிடுவதற்கு, வேரின் உள்ளடுக்குகளில் படியும் சூபெரின் என்ற மெழுகுப் பூச்சு பெருந்துணையாக இருக்கிறது. மீறி ஏறும் உப்பை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. உப்பைத் தாங்குவது ஒரு பொருளின் வேலையாக எந்தச் செடியிலும் இல்லை.

ஸ்டெரால் தயாரிப்பு கெட்டால் என்னவாகும் என்பதும் தெரியும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், ஸ்குவாலீனை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும் என்சைம் பழுதுபட்ட ஒரு வகையை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் விவரித்தார்கள். அந்தச் செடி வறட்சியைச் சிறிதும் தாங்கவில்லை. அதன் வேரில், தீவிர ஆக்சிஜன் பொருட்களை உண்டாக்கும் புரதம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இடம் மாறிக் கிடந்தது. சவ்வின் கட்டுமானம் குலைந்தால் அதில் பதிந்த புரதங்களும் இடம் பிறழ்கின்றன. மறுபக்கம், லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற அமுக்கிராவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து அராபிடாப்சிஸில் புகுத்தினார்கள். ஸ்டெராலோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை இணைக்கும் என்சைமுக்கான மரபணு அது. அதை மிகுதியாகப் பெற்ற செடிகள் உப்பையும் வெப்பத்தையும் குளிரையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியதாக 2013-இல் வெளியான அவர்களது கட்டுரை கூறுகிறது. இங்கும் ஸ்டெராலை யாரும் வெளியிலிருந்து ஊற்றவில்லை. செடி தன் ஸ்டெராலைக் கையாளும் முறைதான் மாற்றப்பட்டது.

ஆனால் வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்த சோதனைகளே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எகிப்தில் ஆளி விதையை ஸ்டிக்மாஸ்டெரால் கரைசலில் ஊறவைத்து உப்பு நீரில் வளர்த்து, பாதிப்பு குறைந்ததாக 2011-இல் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய முடிவுகளை நான் மதிக்கிறேன். எனினும், அளந்து கலந்த உப்பு நீரில், காவலோடு வளர்க்கப்பட்ட செடிகளில் கிடைத்த முடிவு அது. அதோடு, ஸ்டெரால் தண்ணீரில் கரையாத பொருள். கொழுப்பில் மட்டுமே கரையும். இலையின் மெழுகுத் தோலின்மேல் தெளித்தது, தண்டு வழியே இறங்கி, வேர்ச் செல்லின் சவ்வில் உரிய விகிதத்தில் போய் அமரும் என்று எதிர்பார்க்க எனக்குத் தெரிந்த காரணம் எதுவும் இல்லை. தங்கள் சிக்கல் வேரில் இருக்கிறது. பாட்டில் தொடுவது இலையை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். கடையில் ஸ்டெரால் என்று சொல்லி விற்கப்படுவது சில நேரங்களில் பிராசினோஸ்டீராய்டு வகை வளர்ச்சி ஊக்கியாக இருக்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் தாயும் பிள்ளையும் போன்ற உறவு உண்டு: செடி கேம்பெஸ்டெராலிலிருந்துதான் பிராசினோலைடு என்ற ஹார்மோனைத் தயாரித்துக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் அதன் அமைப்பைக் கண்டறிவதற்காக, தேனீக்கள் சேகரித்த 227 கிலோ கடுகின மகரந்தத்தைப் பிழிந்து சில மில்லிகிராம் மட்டுமே எடுக்க முடிந்தது. அவ்வளவு நுண்ணிய அளவிலேயே செயல்படும் பொருள் அது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில், இந்த வகைப் பொருளை உப்போடு சேர்த்துக் கொடுத்தபோது நெல் விதை முளைப்பதும் நாற்று வளர்வதும் மேம்பட்டதை 2001-இல் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் 0.04 விழுக்காடு ஹோமோபிராசினோலைடு கொண்ட கரைசல் பயிர் வளர்ச்சி ஊக்கியாக விற்பனையில் இருக்கிறது. மிதமான உப்பில் தடுமாறும் பயிருக்கு அது ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால் வயலில் இருக்கும் உப்பில் ஒரு கிராமைக்கூட அது வெளியேற்றாது.

ஆகவே பாட்டிலைத் திருப்பி அதன் சீட்டைப் படியுங்கள். வளர்ச்சி ஊக்கியாக இருந்தால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பதிவு எண்ணும், செயல்படும் பொருளின் பெயரும் விழுக்காடும் இருக்க வேண்டும். உயிர்த்தூண்டி என்று விற்கப்படுவதாக இருந்தால், 2021 முதல் அவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வந்துவிட்டன. உட்பொருள் விவரம் அதிலும் அச்சிட்டிருக்க வேண்டும். தாவர ஸ்டெரால் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு விவரம் இல்லாத பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விவரம் சரியாக இருந்து, சோதித்துப் பார்க்கத் தாங்கள் விரும்பினால், ஒரே மாதிரியான இடத்தில் ஐந்து சென்டில் மட்டும் தெளித்து, அடுத்த ஐந்து சென்டில் வெறும் தண்ணீரைத் தெளித்து, இரண்டிலும் தூர் எண்ணிக்கையையும் அறுவடையில் நெல் எடையையும் குறித்து வையுங்கள். வாங்கும்போது ரசீது கட்டாயம் கேளுங்கள்.

இனி வயலுக்கு வருவோம். தங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது வரப்போரம் பூக்கும் வெள்ளைதான். அது உவரா, களரா, இரண்டும் கலந்ததா என்பது தெரியாமல் எந்தச் சிகிச்சையும் சொல்ல முடியாது. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போகும். களர் நிலத்தில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணையே குழம்பாக்கிவிடும். அங்கே ஜிப்சம் இடாமல் நல்ல தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்தால், மண் இன்னும் இறுகித் தண்ணீர் இறங்காமல் போய் நிலைமை மோசமாகும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குக் கேடு.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் ஒரு பங்கு வயல் மண்ணும் ஐந்து பங்கு மழைநீரும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்துவிட்டால் உவர்த்தன்மை மிகுதி என்று கொள்ளலாம். மறுநாள் காலையிலும் பால் கலந்த தேநீர் போலக் கலங்கியே நின்றால், களர்த்தன்மை இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். இது அறிகுறி மட்டுமே. முடிவு ஆய்வகத்தில்தான் கிடைக்கும்.

உரமிடுவதற்கு முன், கெட்ட இரண்டு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடங்களிலும், நன்றாக விளைந்த இரண்டு ஏக்கரில் அதேபோலவும் தனித்தனியாக மண் எடுங்கள். மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்தின் வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்தச் சரிவின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வெள்ளை பூத்த மேல்மண்ணை மட்டும் வழித்துக்கொண்டு போனால் கணக்கு தவறும். போர் தண்ணீரை, மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். கார அமில நிலை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் இவற்றோடு, களிமண் துகளில் ஒட்டிய சோடியத்தின் பங்கைக் காட்டும் மாற்றுச் சோடிய விழுக்காட்டையும் ஜிப்சம் தேவையையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பின்னவை இரண்டும் பெரும்பாலும் வராது.

முடிவுகளைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. பாடநூல்களில் மின்கடத்து திறன் (டெசிசீமன்/மீட்டர் அலகில்) 4-க்கு மேல் உவர் நிலம் என்றும், நெல்லுக்கு 3 வரை சேதமில்லை, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் 12 விழுக்காடு குறையும் என்றும் இருக்கும். அதன்படி 6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. ஆனால் அந்த எண்கள் மண்ணைத் தண்ணீரில் குழைத்துச் செறிவூட்டிப் பிழிந்த சாற்றுக்கானவை. நம் ஆய்வகங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளப்பதால் எண் குறைவாகக் காட்டும். அந்த முறையில் 1-க்குக் கீழ் கேடில்லை, 3-க்கு மேல் பயிருக்குத் தீங்கு. எண் 2 என்று வந்ததைப் பார்த்து, 4-க்குக் கீழ்தானே என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். கார அமில நிலை 8.5-க்கு மேலும் மாற்றுச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் அது களர்; அப்போது ஜிப்சத்தைப் பரிசோதனை சொல்லும் தேவையில் பாதியளவு இட்டுத் தண்ணீர் கட்டி வடிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பரிசோதனை எப்படி வந்தாலும் சில வேலைகள் தவறாது. வடிகால் முதலாவது, வடிகால் இல்லாத வயலில் உப்பைக் கழுவ முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். அது உவரையும் களரையும் ஓரளவு தாங்கி வளரும், மண்ணையும் பொலபொலப்பாக்கும். துத்தநாக சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ என்ற வழக்கமான அளவுக்குப் பதில் 15 கிலோவாக இடுங்கள். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்திலும் பின்னர்க் கதிர் உருவாகிப் பூக்கும் பருவத்திலும்தான் மிகவும் நொந்துபோகும். ஆகவே நாற்றங்காலை உப்பில்லாத மூலையில், குளத்து நீரிலோ ஆற்று நீரிலோ வளர்த்து, முப்பது நாளுக்குக் குறையாத நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள். போர் தண்ணீரைத் தனியாக விடாமல் குளத்து நீரோடு கலந்து விடுங்கள். நட்ட பிறகு வயலைக் காயவிட்டால் உப்பு வேர்மட்டத்துக்கு ஏறிவிடும் என்பதால், வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரை மெல்லிய நீர் எப்போதும் நிற்கட்டும். மழை பிடித்ததும் கட்டி நின்ற பழைய நீரை வடித்து, புதுநீரைத் தேக்கி, மறுபடி வடியுங்கள்.

ரகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஸ்டெரால் விகிதம் உட்பட, உப்பைத் தாங்கும் கூறுகள் அனைத்தும் சேர்ந்து வருவது விதையில்தான். கேரளத்தின் பொக்காளி நெல்லில் முதலாம் குரோமோசோமில் உள்ள சால்டால் என்ற பகுதி, நீரோட்டத்தோடு இலைக்கு ஏறும் சோடியத்தைக் குறைக்கிறது. உப்பைத் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கும் முயற்சிகள் பலவற்றுக்கு இன்று அதுவே அடிப்படை. நம் பக்கத்தில் களர்பாலை, குழியடிச்சான் போன்ற பழைய ரகங்களைக் கடலோர விவசாயிகள் இதற்காகவே காத்து வந்தார்கள். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த டிஆர்ஒய் வரிசை ரகங்கள் களர் நிலத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. கோ 43 உவர் களர் இரண்டிலும் பல காலம் சாகுபடியில் இருந்தது. பரிசோதனை முடிவைக் காட்டி, எது கிடைக்கும், எது பொருந்தும் என்று சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பாட்டிலுக்கு வைத்திருக்கும் பணத்தை ஜிப்சத்துக்கும் வடிகால் வெட்டவும் நல்ல விதைக்கும் திருப்புவதே என் ஆலோசனை.

தங்கள் மகளுக்கு ஒரு செய்முறை சொல்கிறேன். சவ்வு என்பது ஏட்டுச் செய்தி மட்டுமில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கலாம். கெட்ட வயலிலும் நல்ல வயலிலும் ஒரே ரகப் பயிரில், மேலிருந்து இரண்டாவது இலையைக் காலையில் பறிக்கச் சொல்லுங்கள். இலையின் மேல் படிந்த உப்பு கணக்கில் சேராதபடி வாலைவடிநீரில் மூன்று முறை அலசி, ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒரே எடையில் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் வாலைவடிநீரில் இட்டு, ஒருநாள் வைக்க வேண்டும். மறுநாள் கல்லூரி ஆய்வகத்து மின்கடத்துமானியால் அந்த நீரை அளந்து, பிறகு குழாய்களைக் கொதிநீரில் வைத்துச் சவ்வு முழுவதும் சிதைந்தபின், ஆறவைத்து மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்தால், உயிரோடிருந்த இலை தன் உப்புச்சத்தில் எவ்வளவைக் கசியவிட்டது என்பது தெரியும். கெட்ட வயலின் இலை மிகுதியாகக் கசிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் கசிவுக்கு ஸ்டெரால் மட்டுமே காரணம் என்று அவர் முடிவு கட்டிவிடக் கூடாது. சவ்வு சிதைவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. இடமுண்டானால் டிஆர்ஒய் 3 நாற்றையும் தங்கள் வழக்கமான ரகத்தையும் கெட்ட வயலில் பக்கத்தில் பக்கத்தில் நட்டு இதே அளவை எடுக்கட்டும்.

அந்த எண்களையும் மண், நீர் பரிசோதனை அட்டையின் நகலையும் எனக்கு அனுப்பி வையுங்கள். சம்பா நாற்றுவிடுவதற்கு முன் வந்துசேர்ந்தால், ஜிப்சம் அளவையும் தண்ணீர் கலக்கும் விகிதத்தையும் தங்கள் வயலுக்கென்றே கணக்கிட்டு எழுதுகிறேன்.